ஒரே உறையில் போடுங்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். கடத்தூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். மாரப்பன் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இந்த வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருகிறேன் என்றேன். உங்கள் ரைட்டர் எழுதினால் பிழை மலிந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1963-இல் சர்தார் சாயபு காலமானார். முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போய்வந்த சிப்பாய். பிள்ளைகள் மூன்று பேர்: அப்துல் சுபான், கரீம், கடைசியாக ஜான் பீ. வீட்டுக்கும் முக்கால் ஏக்கர் புன்செய்க் காட்டுக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத என்னிடம் வந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு சுபான் ஒரு துணிப் பட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் மூன்று பதக்கங்கள் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன.

"இதையும் ஆளுக்கு ஒண்ணுன்னு எழுதிப்புடுங்க. நாளைக்கு இதுக்குன்னு ஒரு சண்டை வேணாமுங்க."

எழுதினேன். வெண்கல நட்சத்திரம் கரீமுக்கு, இறக்கை முளைத்த பெண் உருவம் போட்டது சுபானுக்கு, வெள்ளிப் பதக்கம் பெண்பிள்ளைக்கு. பேனாக்கத்தியால் தையலைப் பிரித்துக் கொடுத்ததும் நான்தான். பத்திர வாசகம் நேர்த்தியாக அமைந்தது என்று அன்று பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, வேறொரு பத்திர வேலையாக, பெங்களூரில் ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி நிறையப் பதக்கம் வைத்திருந்தார். ஒன்றை எடுத்து விளிம்பைக் காட்டினார். சிப்பாயின் எண், பதவி, பெயர், படை எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருந்தது. ஒருவன் வாங்கியதெல்லாம் கடைசிவரை ஒரே கட்டாக இருக்க வேண்டுமாம். "கட்டைப் பிரிக்கிறவன், அந்த ஆளையே கூறு போடுறவன்," என்றார். ஊர் வந்து சேரும்வரை அந்தத் தையல்தான் கண்ணில் நின்றது.

அன்றிலிருந்து சேர்க்க ஆரம்பித்தேன். சித்தேரி மலையிலிருந்து பொம்மிடி வரை எந்தச் சிப்பாய் வீட்டில் பதக்கம் கிடந்தாலும் போய்க் கேட்பேன். பதினோரு கட்டுகள் முழுசாக என் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஒன்றுகூடத் திருடியதில்லை, எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் பிரித்த கட்டு ஒன்றே ஒன்றுதான். அதைச் சேர்க்காமல் மற்றவற்றைச் சேர்த்து என்ன புண்ணியம்?

கரீம் பொம்மிடி ஸ்டேஷனில் ஜட்கா வண்டி ஓட்டினார். நட்சத்திரம் குதிரையின் நெற்றிப் பட்டையில் தொங்கியது. ஒரு ஜோடி சலங்கை கொடுத்ததும் கழற்றித் தந்துவிட்டார். "எனக்கொண்ணும் இல்லீங்க. குதிரதான் கோவிச்சுக்கும்," என்று சிரித்தார். சுபான் அதைவிடச் சுலபம். தொழுகை நடக்கும் வீட்டில் உருவம் வேண்டாம் என்று அவர் மனைவி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாராம். டீ கொடுத்துப் பதக்கத்தையும் கொடுத்தார்.

ஜான் பீ தரவில்லை. புருஷன் போன பிறகு ஒகேனக்கலில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். வெள்ளிப் பதக்கத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். ஆறு வருஷத்தில் பதினான்கு முறை பஸ் ஏறிப் போனேன். மீனே தொடாத நான் அவள் கடையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டேன்.

"நீங்களே பிரிச்சீங்க, இப்ப நீங்களே சேக்கோணும்ங்கறீங்க. பைத்தியமாங்க உங்களுக்கு?" என்பாள். அந்தக் கேலியைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

போன தை மாதம் போனபோது, மகள் வஹிதாவுக்குக் கல்யாணம் என்றாள். பதக்கத்தை உருக்கி அவளுக்கு வளையல் செய்யப் போகிறாளாம். அதே எடைக்கு இரண்டு ஜோடி வெள்ளி வளையல் நானே வாங்கித் தருகிறேன் என்றேன். அத்தாவின் வெள்ளிதான் வேண்டும் என்றாள். உருக்கினால் உன் அப்பா பெயரே அழிந்துவிடும் என்று எடுத்துச் சொன்னேன்.

"அத்தா பேரு அதுலயாங்க இருக்குது? என் மூஞ்சியப் பாருங்க. அச்சு அசல் அத்தாதான். வஹிதாவுக்கும் இதே மூஞ்சி."

முகம் எல்லோருக்கும் இருக்கிறது. பதக்க விளிம்பில் இருந்த அந்த எண் ஒருவருக்குத்தான் இருந்தது. இதை அவளுக்குப் புரிய வைக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் பாறையோரம் தனியாக மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பேனாக்கத்தியால் பின்னாலிருந்து கயிற்றை அறுத்தேன். கழுத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. பதக்கம் என் கையில் இருந்தது. அவள் எழுந்து திரும்பியபோது கால் வழுக்கி, என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கீழே தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அத நீங்களே வெச்சுக்குங்க," என்றாள். "என்னைப் புடிங்க."

அவளைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். வலது கையில் பதக்கம் இருந்தது. கீழே போட்டால் ஆற்றோடு போய்விடும். அதை வாயில் கவ்விக்கொண்டேன். பிறகு, வலது கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தையல் பிரிப்பதுபோல நிதானமாகத்தான் செய்தேன். வழுக்கி விழுந்தாள் என்று, உடலை எடுத்த பரிசல்காரர்கள் சொன்னார்கள். அது பொய். நான்தான் ஆற்றில் விட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை.

அன்று மாலையே மூன்றையும் புதுப் பட்டையில் வரிசை மாறாமல் தைத்தேன். சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து சுபானிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். அப்பாவை முழுசாகப் பார்த்து மகிழ்வார் என்று நினைத்தேன். அவரோ வெள்ளிப் பதக்கத்தின் வளையத்தில் ஒட்டியிருந்த கறுப்புக் கயிற்றின் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உங்களிடம் வந்தார்.

இதெல்லாம் என் மனப்பூர்வமான சம்மதத்தின்பேரில் எழுதியது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. நேற்று உங்கள் ஏட்டு என் கண்முன்னே தையலை வெட்டி, வெள்ளியை ஓர் உறையிலும் மற்ற இரண்டை வேறு உறையிலும் போட்டு அரக்கு வைத்துவிட்டார். மூன்றையும் ஒரே உறையில் போடச் சொல்லுங்கள், ஐயா. ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவம் உங்களுக்கு வேண்டாம்.