பச்சைச் சரி

மனைவி கடைக்குள் போய் வருகிற வரைக்கும்கூட நான் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட்டில் வைத்திருக்கமாட்டேன், சேர். சும்மா ஓடுகிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வீட்டிலும் அப்படித்தான். அவள் ஆணம் காய்ச்சும்போது உப்பு ஒரு மூலையிலும் தேங்காய்ப்பால் இன்னொரு மூலையிலும் இருந்தால், கேட்காமலே இரண்டையும் அடுப்புக்குக் கிட்ட எடுத்து வைத்துவிடுவேன். அவளுக்கு எரிச்சல் வரும். இருந்தாலும் அடுத்த நாள் நான் வைத்த இடத்தில்தான் அவை இருக்கும்.

மில்லில் நான் செய்ததும் இதே குணத்தில் செய்ததுதான். யார் மேலும் எனக்குக் கோபம் இருக்கவில்லை. முதலில் அதை விளங்கிக்கொள்ளுங்கள்.

ஸப்ரி ஹாஜியாரின் அரிசி மில்லில் நான் முகாமையாளர். நான் வந்த காலத்தில் அது சந்தைக்கடை மாதிரி இருந்தது. நெல் லொறிகள் வாசலில் கிடக்கும், பொதி கட்டுகிறவர்கள் சாக்கு தேடி நடப்பார்கள், காயவைத்த நெல் எது, ஈர நெல் எது என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். நான்தான் ஹாஜியாரிடம் லீன் முறையைப் பற்றிக் கதைத்தேன். வேலையில் பயனில்லாததைக் கழித்துவிட்டு, பயனுள்ளதை மட்டும் ஓட விடுவது. அதற்கு இப்போது நல்ல மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு டெப், போனைவிடப் பெரிய தொடுதிரை, தொங்கும். எந்த மெசின் ஓடுகிறது, எது நிற்கிறது, யார் நிப்பாட்டினார், எல்லாம் அலுவலகச் சுவரில் இருக்கிற பெரிய திரையில் விழும். ஓடினால் பச்சைக் கோடு. நின்றால் சிவப்பு.

மென்பொருள் கம்பனியிலிருந்து துஷாந்தினி என்ற பிள்ளை வந்து பொருத்திக் கொடுத்தாள். மட்டக்களப்புப் பிள்ளை, தன் வேலையில் சரியான பிடிப்பு உள்ளவள். எல்லாம் காட்டி முடித்துவிட்டு டெப்பில் இருந்த சிவப்புப் பட்டனைத் தொட்டுச் சொன்னாள்.

"சேர், இந்த பட்டன் எல்லாருக்கும் சொந்தம். மூட்டை தூக்கிற ஆள் அமத்தினாலும் மெசின் நிக்கணும். இந்த முறையிட உயிரே இதுதான். இதில மட்டும் கை வெச்சிராதீங்க."

"ஓம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இனி ஸிராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிப்பத்தான்சேனை ஆள். நெல்லுத் தாங்கிகள் அவன் பொறுப்பு. உயரமான தகரத் தாங்கிகள், சேர். மேலே நெல் கொட்டும், அடியில் ஓடுகிற பெல்ட் அதை மெசினுக்கு எடுத்துப் போகும். நெல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் மேலே பாளம் பிடித்து நின்றுவிடும். அடியில் பெல்ட் உருவிக்கொண்டு போகப் போகப் பாளத்துக்குக் கீழே வெறுங்கூடாகிவிடும். அப்போது ஒருவர் உள்ளே இறங்கிக் கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். பெல்ட் நின்றிருந்தால் இடுப்பளவு புதைந்தாலும் ஏறி வந்துவிடலாம். ஓடிக்கொண்டிருந்தால் ஆளை இழுக்கும்.

முன்பு இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு கட்டி இன்னொருவர் மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த இன்னொருவர் நாளில் பாதி நேரம் சும்மா நிற்கிறார் என்று திரை காட்டியது. அவரைப் பொதி கட்டுகிற பக்கம் மாற்றினேன். முன்பு ஸிராஜ் ஏணியால் இறங்கி வந்து, பெல்ட் பார்க்கிற மீராமுகைதீன் காக்காவிடம் நேரில் சொல்லி, பெல்ட் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவான். அந்த நடையையும் வெட்டினேன். மேலேயே டெப் இருக்கிறது, பட்டனை அமத்தினால் பெல்ட் தானாக நிற்கும், டெப்பில் பச்சைச் சரி அடையாளம் விழும், பிறகு என்ன நடை. நெல் காயவைக்கிற மெசினின் இரைச்சலில் மேலே நிற்கிறவனுக்குப் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்காது. ஆகவே அவனுக்கு இருந்தது அந்தச் சரி மட்டும்தான்.

ஸிராஜ் பயந்த ஆள். வேறு யாரும் அவனளவுக்குப் பட்டனை அமத்துவதில்லை. ஈர விரலுக்கு டெப் வேலை செய்யாது என்று சாரத்தில் விரலைத் துடைத்துத் துடைத்து அமத்துவான். ஒருமுறை கூப்பிட்டுக் கதைத்தேன்.

"ஏன் ஸிராஜ், எட்டிப் பாக்கிறதுக்கும் பட்டனா?"

"எனக்குப் பயம் சேர். உள்ளுக்கு இறங்கினா மூச்சு முட்டிற மாதிரி வரும். பெல்ட் நிண்டா கொஞ்சம் தெம்பா இரிக்கி."

வெட்கப்படாமல் சொன்னான். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவனுடைய தெம்புக்காக ஒரு மில் நிற்கக்கூடாது.

ஹாஜியாரின் போனிலும் அந்தத் திரையைப் போட்டுக் கொடுத்திருந்தேன். அது என் பிழை என்று இப்போது தோன்றுகிறது. "முஸ்தாக், தொழுதிட்டு வந்து போனைப் பாக்கன், செவப்பு. சாப்பிட்டுட்டுப் பாக்கன், செவப்பு. ஆர் இத நிப்பாட்டிற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்த மென்பொருள் தேவைதானா என்று யோசிக்கத் தொடங்கினார்.

மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கை தவறி அமத்திவிடுவார்கள் என்பதற்காக, அவர்கள் பெயரைப் போட்டு வைத்தால் அவர்களுடைய பட்டன் நேரே பெல்ட்டுக்குப் போகாது. முகாமையாளரின் போனுக்கு வரும். ஒப்புதல் கொடுத்தால் பெல்ட் நிற்கும். வேண்டாம் என்றால் ஓடும். அமத்துகிறவரின் டெப்பில் பச்சைச் சரி உடனே விழுந்துவிடும். கோரிக்கை கிடைத்தது என்பதற்கான சரி அது. நின்றது என்பதற்கான சரியும் அதே மாதிரித்தான் இருக்கும்.

ஸிராஜின் பெயரைப் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் ஏணியால் இறங்கி வந்து காக்காவிடம் கேட்கத் தொடங்கிவிடுவான்.

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தேன். பிறகு காய்ந்த நெல் கிடக்கிற நாட்களில் கொடுக்காமல் பார்த்தேன். அவன் உள்ளே இறங்கினான், குத்தினான், ஏறி வந்தான். பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அலுவலக ஜன்னலில் நின்று அவன் வெளியே வருகிறானா என்று பார்ப்பேன். நான் பொறுப்பில்லாத ஆள் இல்லை. தலையில் உமித்தூசியோடு வருவான், என்னைக் கண்டால் கையை உயர்த்துவான். நானும் உயர்த்துவேன். அவன் நிப்பாட்டச் சொன்ன அத்தனை தடவையும் வீண் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும். கோடு பச்சையாக நீண்டது. ஹாஜியார் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்.

மாரி நெல் வெட்டு நேரம் மழை பிடித்துக்கொண்டது உங்களுக்கும் தெரியும். நெல் ஈரமாகத்தான் வந்தது. காயவைக்கிற இடத்தில் லொறிகள் காத்துக் கிடந்தன. காத்திருப்பும் ஒரு வீண்தானே. மூன்றாம் தாங்கியில் அப்படியே கொட்டச் சொன்னேன்.

அந்தக் கிழமைதான் கொழும்பிலிருந்து பெரிய கடைக்காரர்கள் வந்தார்கள். எங்கள் அரிசியை எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்ய வந்தவர்கள். கூட்ட அறையில் திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஒரு சிவப்பும் இல்லை. அவர்களில் ஒரு பெண் போனில் அதைப் படம்கூட எடுத்தா. அந்த நேரம் என் போன் அதிர்ந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினேன்.

புரியாணி பரிமாறிக்கொண்டிருக்கும்போது கோடு சிவந்தது. மீராமுகைதீன் காக்கா கையால் பெல்ட்டை நிப்பாட்டியிருந்தார். நெல்லோடு ஒரு செருப்பு வந்திருந்தது.

தாங்கியை வெட்டித்தான் ஸிராஜை எடுத்தார்கள். தகரம் வெட்டுகிற ஆளைத் தேடிப் பிடிக்கவே நேரம் போய்விட்டது. காக்கா தாங்கியின் அடிவாசலில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் நெல்லை வாரி வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். அந்த வாசலால் அப்படி அள்ளி முடிக்க முடியாது. ஒருவர் அவரைப் பிடித்துத் தூக்கினார். திரும்பவும் போய் உட்கார்ந்தார்.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். மையத்துச் சந்தூக்கைச் சுமக்கத் தோள் கொடுத்தேன். பிறகு வீட்டுக்கும் போனேன், ஹாஜியார் போகச் சொன்னதால். அவன் மனைவி றுஸ்தா இத்தா இருக்கிறா, புருசன் இறந்த துக்க காலம், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டா. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து கேட்டா.

"சேர், அவரு பட்டனை அமத்தாம இறங்கமாட்டாரு. ஊட்டயும் அதைத்தான் கதைப்பாரு. அமத்தினாரா?"

"இல்ல தங்கச்சி" என்றேன். "அண்டைக்கு மறந்திட்டாரு."

பிறகு, "அப்ப அவர்ர பிழைதான்" என்று மெதுவாகச் சொன்னா. யார் மேலும் கோபப்பட்டுக்கொண்டு இருக்காமல் இருக்க அந்தப் பதில் அவவுக்கு உதவும் என்று நினைத்தேன். ஒரு குடும்பத்துக்கு மனப்பாரம் குறைய வேண்டும்.

ஆனால் மேலே தொங்கின டெப்பில் பச்சைச் சரி அப்படியே இருந்ததைக் காக்கா கண்டுவிட்டார். அதனால்தான் விசாரணை வந்தது. சரி விழுந்திருக்கிறது, பெல்ட் நிற்கவில்லை, ஆகவே மென்பொருள் கோளாறு என்று அறிக்கை வந்திருக்கிறது. ஹாஜியார் டெப்புகளையெல்லாம் கழற்றிச் சாக்கில் கட்டிவிட்டார். பொத்துவிலில் ஒரு மில் இதையே வாங்க இருந்தது; வேண்டாம் என்றுவிட்டார்கள். துஷாந்தினியை வேலையிலிருந்து நிப்பாட்டிவிட்டார்கள். கடைசியாக எனக்குப் போன் எடுத்தபோது அழுதாள்.

"நான் ஒழுங்காத்தானே செஞ்சன் சேர். என்ட கையால ஒரு மனிசன் செத்திட்டாரெண்டு நினைச்சா சோறு இறங்குதில்ல."

அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். அதைச் சொல்லத்தான் விசாரணை செய்த உங்களிடம் நானாகவே வந்தேன், ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன் என்று சொன்னேன் அல்லவா. அதற்கு முதல் வாசித்தேன். ஸிராஜ், மூன்றாம் தாங்கி, உள்ளே இறங்குகிறேன் என்று இருந்தது. மூன்றாம் தாங்கியில் என்ன நெல் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். கொட்டச் சொன்னவனே நான். அந்தப் பெண் திரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தா. வேண்டாம் என்பதை அமத்தினேன். அமத்தின அந்த நொடியிலேயே அது பெல்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்சமும் தாமதிக்கவில்லை. மென்பொருள் நான் சொன்னதை அப்படியே செய்தது.

ஸிராஜுக்கு நடந்ததை அவனைப் படைத்த றப் எழுதியது என்று எடுத்துக்கொள்ள என்னால் முடிகிறது. அது எல்லாருக்கும் ஒருநாள் வருவதுதான். ஆனால் அந்த அறிக்கையில் மென்பொருள் பிழை என்று ஒரு வரி இருக்கிறதே, சேர், அதைத் திருத்திவிடுங்கள். அந்த ஒரு வரிதான் என்னை நித்திரை கொள்ள விடுகிறதில்லை.