கழிவுத் தொட்டி கூப்பிட்ட மத்தியானம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். டிரைவர் தூங்கப் போய்விட்டார் அல்லவா? நல்லது. இது அவருடைய மச்சானுக்கு நடந்தது. அவர் இருந்தால் சொல்ல விடமாட்டார்.

பேய் என்றால் நடுராத்திரிதான் வரவேண்டுமா என்ன? இது பட்டப்பகல். மத்தியானம் இரண்டு மணி. சாயப் பட்டறைக்குப் பின்னால் போகிற மண் ரோடு... ஒரு நாய்கூட இல்லை. மச்சான் போலீஸ்காரர். தகவல் கிடைத்து, பைக்கில் தனியாகப் போய் இறங்கினார்.

பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்திருந்தார்கள். அண்ணன் உள்ளே இறங்கினான். ஏறி வரவில்லை. தம்பி விளிம்பில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அழுகிய முட்டை நாற்றம்... விஷவாயு.

போலீஸ்காரர் போனதும் செய்த முதல் வேலை, தம்பியின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்ததுதான். சட்டையைப் பிடிக்கமாட்டார்கள், கிழிந்துவிடும். ஒருத்தனைக் காப்பாற்ற இன்னொருத்தன், அவனைக் காப்பாற்ற அப்பன் என்று இறங்கி, ஒரே குழியிலிருந்து மூன்று பிணம் தூக்கிய அனுபவம் அவருக்கு உண்டு. முகமூடியும் காற்று சிலிண்டரும் இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்பது உத்தரவு. முகமூடி தீயணைப்பு வண்டியில் இருக்கிறது. வண்டி எங்கே இருக்கிறது?

போன் போட்டார். கிளம்பிவிட்டது என்றார்கள். மறுபடி போட்டார். கிளம்பிவிட்டதாம். ரயில்வே கேட்டில் நிற்கிறதாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் ஒரு கையில் போன், இன்னொரு கை பெல்ட்டில்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கேட்டது. டங்... டங்... இரும்பு ஏணியில் தட்டுகிற சத்தம். அப்புறம் குரல்.

"தம்பி... கையைக் குடுடா..."

தம்பிக்கு மட்டுமல்ல, போலீஸ்காரருக்கும் கேட்டது. இனி எப்படிப் பிடித்துவைப்பது, நீங்களே சொல்லுங்கள். தம்பி திமிறினான், கடித்தான், காலில் விழுந்தான். பட்டறை வாட்ச்மேன் தூரத்தில் கேட்டருகிலேயே நின்றுகொண்டு, உனக்கெல்லாம் கூடப்பிறந்தவன் கிடையாதா என்று போலீஸ்காரரை ஏசினார். அவர் ஓர் அடி முன்னே வரவில்லை, அது வேறு. விட்டால் ஏன் விட்டாய் என்பார்கள், பிடித்தால் ஏன் பிடித்தாய். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"சார், நாத்தமே இல்ல பாருங்க. எல்லாம் போயிடுச்சு. இப்ப இறங்கலாம், விடுங்க சார்."

உண்மைதான், நாற்றம் நின்றிருந்தது. நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு மரத்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தொழில் செய்கிற தம்பிக்கு அது தெரியாதா? தெரியும். அண்ணன் கூப்பிடும்போது தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கும்?

மறுபடி உள்ளேயிருந்து டங்... டங்... பிறகு...

"அப்பா..."

சின்னக் குரல். போலீஸ்காரருடைய மகளின் குரல். காய்ச்சல் என்று காலையில்தான் மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு வந்திருந்தார்.

"இருட்டா இருக்குப்பா... தூக்குப்பா..."

அவள் வீட்டில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் தம்பியின் பெல்ட்டை எப்போது விட்டார் என்று தெரியாது. பார்த்தால் ஒரு கால் ஏணியில் இருக்கிறது. பின்னாலிருந்து யாரோ அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுக்கிறார்கள்.

தம்பிதான். அழுதுகொண்டே இழுத்தான்.

"நான் இறங்கக் கூடாது, நீ மட்டும் இறங்கலாமா?"

போலீஸ்காரர் முழங்கையால் அவன் முகத்தில் இடித்தார். மூக்கில் ரத்தம் கொட்டியது. அப்படியும் அவன் விடவில்லை. வண்டி வந்து சேரும்வரை விடவில்லை.

அண்ணனைத் தூக்கினார்கள். இறங்கிய உடனேயே உயிர் போய்விட்டது, போலீஸ் வருவதற்கு ரொம்ப முன்பே என்றார் டாக்டர். தம்பி இன்றுவரை நம்பவில்லை. உயிரோடு கூப்பிட்டான், இந்த ஆள்தான் விடவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். போலீஸ்காரரும் மறுத்துப் பேசுவதில்லை. என்னவென்று மறுப்பார், அவர் காதிலும்தானே விழுந்தது? அவர் தம்பியைப் பிடித்ததும் சரி. தம்பி அவரைப் பிடித்ததும் சரி. எல்லாம் சரியாகச் செய்தும் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடினார். மகள் கட்டிலில்தான் இருந்தாள். மத்தியானம் முழுக்கப் புரண்டுகூடப் படுக்காமல் தூங்கினாள் என்றாள் மனைவி. அவர் குனிந்து நெற்றியைத் தொட்டார். காய்ச்சல் விட்டிருந்தது. குழந்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டேன்... ஏம்பா வரல?"