பின்னால் ஒரு கை

புதுக் கேமரா வாங்கலாமா என்று யாராவது யோசனை கேட்டால், இருக்கிற கேமராவை முதலில் ஒழுங்காகத் துடைத்து வை என்றுதான் சொல்வேன். முக்கால்வாசிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். எங்களுக்கும் தீர்ந்திருக்க வேண்டியது. வீடியோ அண்ணன்தான் கேட்கவில்லை.

நீங்கள் சத்தம் போடாமல், டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்கிறீர்கள் சார். ஆகவே நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவரை எல்லோரும் வீடியோ அண்ணன் என்பார்கள். என்னைப் போட்டோத் தம்பி என்பார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, கம்பெனி விருந்து எதுவானாலும் சேர்ந்தே போவோம். அவர் வீடியோ எடுப்பார், நான் போட்டோ எடுப்பேன்.

வீடியோ எடுக்கிறவன் பாதி நேரம் பின்பக்கமாகத்தான் நடப்பான். மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் நடந்து வருவார்கள். அவர்கள் முகத்தை விடாமல் இவன் பின்வாங்கிக்கொண்டே போக வேண்டும். முதுகில் கண் கிடையாது. அதனால் நான் அவர் பின்னால் நின்று ஒரு கையால் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வேன், மறு கையில் என் கேமரா. படிக்கட்டு ஆரம்பித்தால் ‘படி’ என்பேன். முடிந்தால் ‘தரை’ என்பேன். அவ்வளவுதான் எங்கள் பாஷை. நான் ‘தரை’ என்றால் அவர் காலால் தடவிக்கூடப் பார்க்கமாட்டார், தைரியமாக ஊன்றிவிடுவார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று அவருடைய மச்சான் போய்ப் பிடித்தார். அன்றைக்கு எடுத்ததில் மாப்பிள்ளையைவிட மின்விசிறிதான் அதிகம் என்று அண்ணனே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

எனக்கு வீடு என்பது ஸ்டூடியோவுக்கு மேலே இருக்கிற அறை. வேலை இல்லாத நாட்களில் யாரோடும் பேசாமலே பொழுது போய்விடும். சாயங்காலம் கடையில் சோப்பு கேட்கும்போது குரல் கரகரக்கும், அப்போதுதான் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் கல்யாணப் படங்களைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் யாருடைய அத்தை, மாமா, ஒன்றுவிட்ட அண்ணன் முகமெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்களில் ஒருவர் தெருவில் எதிரே வந்தால் என்னை அறியாமல் சிரித்துவிடுவேன், அவர்கள் விலகிப் போவார்கள். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

அவருடைய மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறாள். வந்துவிடுங்கள் அப்பா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவர் போகாமல் இருந்தது என்னால்தான்.

“உன்னை அம்போன்னு விட்டுட்டுப் போக மனசு வரலடா. நான் போயிட்டா வீடியோவுக்கு எவனைப் பிடிப்ப?” என்பார்.

அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

அப்புறம்தான் இந்தப் புதுக் கேமரா வந்தது. கேமராக் கடைக்காரரிடம் இரவல் வாங்கிக்கொண்டு, படியேறி மூச்சு வாங்க என் அறைக்கு வந்தார்.

“இங்க பாரு, வீடியோ அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு, பட்டனைத் தட்டினா போட்டோவும் விழுது. ஆள் கண்ணைப் பிடிச்சா விடவே மாட்டேங்குது. நடந்தாலும் ஆடல. இனிமே ஒரு ஆள் போதும்டா உனக்கு. நான் எதுக்கு?”

பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

யோசிப்போம் என்றேன். பழைய லென்ஸ் சேராது என்றேன். சேர்க்க ஒரு வளையம் விற்கிறது என்றார். பேட்டரி நிற்காது என்றேன். கூட ஒன்று வைத்துக்கொள் என்றார். கை பழகிய கேமராவை விட்டால் வேலை கெடும் என்றேன். எல்லாம் நியாயமான ஆட்சேபணைகள், தொழில் தெரிந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கடைசியில், இரவல் கேமராவை மொட்டைமாடி வெயிலில் ஓடவிட்டு வைத்தேன். சூடேறி நின்றுபோனதும் கீழே எடுத்துவந்து, இது பாதிக் கல்யாணத்தில் கழுத்தை அறுத்துவிடும் என்று காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்தார்.

“அடுப்பு மேலயா வச்சிருந்த?” என்றார். பிறகு மெதுவாக, “ஏன்டா இப்படி?” என்றார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டாமா?

மறுவாரம் தன்னுடைய பழைய கேமராவை விற்றுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி என் மேஜைமேல் வைத்தார்.

“உனக்குத்தான். வர்ற கல்யாணத்துல நானே எடுத்துக் காட்டறேன், பாத்துக்கோ. அதோட சரி. பொண்ணு டிக்கெட் போட்டுட்டா.”

கோபம் வந்தது சார், மறைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

அந்தக் கல்யாண மண்டபத்தில் மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டு நடுவில் ஒரு சின்னத் தளத்துக்கு வந்து, மறுபடி இறங்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேலிருந்து வந்தார்கள். அண்ணன் புதுக் கேமராவோடு பின்வாங்கி இறங்கினார். நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ‘படி, படி’ என்றேன். தளம் வந்தது, ‘தரை’ என்றேன். நாலு எட்டு வைத்தால் தளம் முடிந்து அடுத்த படிக்கட்டு. விளிம்புக்கு வந்ததும் பெல்ட்டை விட்டேன். இரண்டு படி இறங்கிச் சுவரோரமாக ஒதுங்கினேன். மறுபடியும் ‘தரை’ என்றேன்.

தள்ளினாயா என்று கேட்டீர்கள். தள்ளவில்லை. கணுக்கால் பிசகினால் போதும், டிக்கெட்டைத் தள்ளிப்போடுவார்கள், காலில் கட்டோடு என் அறையில் கொஞ்ச நாள் இருப்பார் என்றுதான் நினைத்தேன். கடைசிப் படிவரை போவார் என்று நான் எப்படிக் கண்டேன்?

அது நல்ல கேமராதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் சாயும்போதுகூடப் பெண்ணின் கண்ணை விடவில்லை. அவள் வாய் திறப்பது அவ்வளவு துல்லியமாக இருக்கிறது, அப்புறம்தான் கூரை. வழக்கமாக எங்கள் பேச்சை நீக்கிவிட்டுப் பாட்டு சேர்ப்போம், இதிலும் சேர்த்தேன். அந்தப் பெண்தான் வெட்டாத பதிவும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கேட்டதைக் கொடுப்பது தொழில் நேர்மை, கொடுத்தேன். எல்லாப் படிக்கட்டிலும் ‘படி’ என்கிற குரல், இங்கே மட்டும் ஏன் ‘தரை’ என்றது என்று அவள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்.

கழுத்து எலும்பு முறிவு, மூளையிலும் அடி என்றார்கள். கை கால் அசையாது, பேச்சும் இல்லை. மகள் கைக்குழந்தையோடு வந்தாள். திரும்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “சித்தப்பா, நீங்க இருக்கீங்கங்கற ஒரே தைரியத்துலதான் போறேன்” என்று அழுதாள். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை.

இப்போது அவர் என் அறையில்தான் இருக்கிறார். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நானே. வேலைக்கு ஆள் வைக்கவில்லை, அவருக்கு அந்நியர் கை பிடிக்காது. நாள் முழுக்க அவரிடம் பேசுகிறேன். இப்போதெல்லாம் கடைக்குப் போனால் என் குரல் கரகரப்பதில்லை. நான் உள்ளே வரும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கதவு வழியாக வெளிச்சம் அடிக்கிறது, திரை வாங்க வேண்டும்.

போன வாரம் டாக்டர், துணைக்கு ஒரு ஆள் இருந்தால் இனி விமானத்தில் அனுப்பலாம் என்றார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு இருக்கிறவளுக்கு எதற்குத் தொந்தரவு?

அண்ணனிடம் மட்டும் கேட்டேன். நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம், ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. மகள்கிட்ட போகணுமா அண்ணே என்றேன். ஒருமுறை மூடித் திறந்தார். சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் ஒருமுறைதான். அதன் பிறகும் பலமுறை கேட்டுப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வழிய வழிய அதையே செய்தார். பாவம், கேள்வி புரியவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை.