செவ்வாய்க்கிழமைச் சாம்பிராணி

எலி தும்மினால் பெரிதாகச் சத்தம் வராது, டாக்டர். பக்கத்து அறையில் யாரோ பேனா மூடியைச் செருகியதுபோல் இருக்கும். முதல் தும்மலைக் கேட்டது நானல்ல, வாணிதான்.

எலிகள் இரண்டும் அவளுடையவை. சொந்த ஊர் காப்பாரில் அவள் அப்பா, "எலிக்குப் பொறி வாங்குற வீட்ல எலி வளக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டார். அவள் கல்லூரிக்குப் பக்கத்தில் எடுத்திருக்கும் வாடகை அறையிலும் அனுமதி இல்லை. அதனால் ரொட்டியில் தடவுவதன் பேரையே அவள் வைத்த காயாவும் பட்டரும் பிரிக்ஃபீல்ட்ஸில், அத்தை புஷ்பவல்லி வீட்டில் நான் தங்கியிருக்கும் அறைக்குக் குடிவந்தன. நானும் வாணியும் ஒரே வகுப்பு. வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பாள். எலிகளை.

பிறகு காயா தும்மியது. மூக்கைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. வாணி ரத்தம் என்று அழுதாள். நாங்கள் முதன்முதலில் கிள்ளானுக்கு உங்களிடம் வந்தது அப்போதுதான். அது ரத்தமல்ல, நோயிலோ பயத்திலோ எலிக்கு வடியும் நீரே அந்த நிறம்தான் என்றீர்கள். முதுகில் காதை வைத்துக் கேட்கச் சொன்னீர்கள். கூண்டுப் படுக்கையில் மூத்திர நெடி ஏறினால் நுரையீரல் எரியும், தினமும் மாற்றுங்கள் என்றீர்கள். "ஊதுபத்தி, கொசுவத்தி, சாம்பிராணி ஒண்ணும் கிட்ட வேணாம்லா" என்றும் சொன்னீர்கள். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். மருந்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

வாணியும் இரண்டு வேளை வந்தாள். நான் காயாவைப் பிடித்துக்கொள்வேன். அவள் குனிந்து அதன் முதுகில் காதை வைப்பாள். அவள் முடி என் மணிக்கட்டில் விழும். "கிளிக் கிளிக்னு கேக்குதுடா" என்பாள். எனக்கும் கேட்டது.

உங்கள் மருந்து மிக நல்ல மருந்து. பத்தே நாளில் காயா குணமாகிவிட்டது. வாணி வரவில்லை, வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை வழக்கம்போல் தூபக்காலோடு வந்தார். "கைப்புள்ளைக்குச் சளின்னா தலைக்கு ஊத்தி சாம்பிராணி காட்டமாட்டோமா? பாவம், இதுங்களுக்கு யாரு இருக்கா?" என்று கூண்டையும் ஒரு சுற்றுச் சுற்றினார். பாசத்தில் செய்தது. எனக்கு உங்கள் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை இரண்டும் தும்மின. வாணி ஓடி வந்தாள்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் என் அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். வாரத்தின் நடுவில் அவை கொஞ்சம் தேறிவிடுவது சிக்கலாக இருந்தது. எனவே அத்தை வேலைக்குப் போன பிறகு செவ்வாய்க்கிழமை நானே சாம்பிராணி போட்டேன். அரை ஸ்பூன்தான். நான் எதிலும் அளவு மீறுகிறவன் இல்லை. படுக்கைத் தாளை இரண்டு நாள் கூடுதலாக விட்டுவைத்தேன். மருந்தில் ஒவ்வொரு சொட்டாகக் குறைத்தேன்.

பட்டர் செத்தது திட்டத்திலேயே இல்லை. அது எப்போதும் கொஞ்சம் அவசரக் குடுக்கை. வாணி என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு நிமிர்ந்து, "ஆன்டி போட்ட புகைதான்டா கொன்னுருச்சு" என்றாள். நான் மறுக்கவில்லை. அழுகிறவர்களிடம் வாதாடுவது அநாகரிகம்.

அத்தை அன்றோடு தூபக்காலைக் கழுவி அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். மூன்று வாரமாகச் சாமி அறையில் வெறும் விளக்குதான். அவர் சாப்பாட்டு மேசையில், "நான் கொலைகாரியாடா கிஷன்?" என்று கேட்டார். "தெரியாமத்தானே செஞ்சீங்க அத்தை" என்று ஆறுதல் சொன்னேன். அவருக்கு இன்னும் ஒரு கரண்டி சோறும் வைத்தேன்.

நீங்கள் கெட்டிக்காரர், டாக்டர். காயாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று இன்று தூக்கி வந்தோம். புகையை நிறுத்தி மூன்று வாரம் ஆயிற்று என்று வாணி சொன்னதும் காயாவைத் தூக்கி முகர்ந்தீர்கள். அதை ஆக்சிஜன் பெட்டிக்குள் விட்டீர்கள். வாணியை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். "எப்ப போட்டீங்க? அதுக்கேத்த மாதிரிதான் நான் மருந்து குடுக்கணும்" என்று மட்டும் கேட்டீர்கள்.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு. பழைய கிண்ணமொன்றில் புகை மூட்டி, கூண்டின் மேல் துண்டு போட்டு மூடியிருந்தேன். பத்து நிமிடம்.

பெட்டிக்குள் அதன் விலா உள்ளே ஒட்டி ஒட்டி எழுவது எனக்கும் தெரிகிறது. அப்படி மூச்சு வாங்கினால் சில மணி நேரம்தான் தாங்கும் என்று படித்திருக்கிறேன். ஊசி போடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அது சாகக்கூடாது. அந்த விஷயத்தில் உங்களைவிட எனக்கு அக்கறை அதிகம்.

ஒரே ஒரு வேண்டுகோள்தான். மருந்துச் சீட்டில் இரண்டு வேளை என்றே எழுதுங்கள். வாணி கையால் கொடுத்தால்தான் குடிக்கும் என்றும் சேர்த்துவிடுங்கள். முதல் முறைபோலப் பத்து நாளில் வேண்டாம், டாக்டர். பாவம் அது, மெதுவாகவே குணமாகட்டும்.