டாட்சன் ஏரியில் பாசி நட்டது பற்றி

பெயர்: ஓப்பல் ஜீன் டிரிகர்ஸ். வயது: 63. தொழில்: பள்ளிச் சமையற்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். விலாசம்: 118, ஹெரன் சந்து, டாட்சன் ஏரி வடகரை, டெல்மர் கவுண்டி, ஜார்ஜியா. நாள்: 22 ஆகஸ்ட் 2017, செவ்வாய்க்கிழமை, காலை 9.10. பதிவு செய்தவர்: மீன்வளக் காவல் அதிகாரி டானெட் ஸ்வெயின்.

நான் மேலே கண்ட விலாசத்தில் ஆறு வருடமாகத் தனியாகக் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து விசாரிக்கவில்லை. நானாகவே காரை ஓட்டிக்கொண்டு இந்த அலுவலகத்துக்கு வந்தேன். ஹைட்ரில்லா என்ற தடைசெய்யப்பட்ட நீர்ப்பாசியை டாட்சன் ஏரியில் கொண்டுவந்து நட்டதாக ஹாய்ட் பீச்சம் என்பவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். நட்டது அவர் இல்லை, நான்.

2011 ஏப்ரலில், விவாகரத்து முடிந்த கையோடு அந்த வீட்டை வாங்கினேன். ஏரிக்கரை வீடு என் கைக்கு எட்டியதற்குக் காரணமே பாசிதான். ஏரியில் பாதிக்கு மேல் பாய் விரித்த மாதிரி மூடிக் கிடந்ததால் வாங்க ஆள் இல்லை. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, படகில் ஏறியதும் இல்லை. மகன் அரிசோனாவில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான். அந்த வருடம் அக்டோபரில் பக்கத்து வீட்டு லோரீன் புரூயிட் ஒரு கேக்கும் ஒரு மனுவும் கொண்டுவந்தார். பாசியை மருந்தடித்து ஒழிக்க வேண்டும் என்று ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் சங்கம் எழுதிய மனு அது. ஆறு மாதத்தில் என் கதவைத் தட்டிய முதல் ஆள் அவர்தான். மனுவை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது மட்டுமே அப்போது என் கவலை. இன்னும் ஒன்பது வீடு பாக்கி என்று அவர் வாசலிலேயே திரும்பிவிட்டார்.

அதன் பிறகு 2012 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுமினியப் படகில் ஒருவர் என் வீட்டுப் படகுத்துறைக்கு அருகில் வந்து, துறைக்கு அடியில் ஒரு தடவை தூண்டில் எறிந்து பார்க்கலாமா என்று கேட்டார். மேற்படி ஹாய்ட் பீச்சம் அவர்தான். டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர், கல்யாணம் ஆகாதவர், நாற்பது மைல் தள்ளி அக்கா வீட்டில் இருப்பவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருப்பதானால் எறியலாம் என்றேன். அவரும் வாயைத் திறக்காமல் நாலு பாஸ் மீன் பிடித்து, நாலையும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு, தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். மூன்றாவது வாரம், திரும்ப விடுவதற்கு எதற்கு இந்தப் பாடு என்று நானே வாயைக் கொடுத்தேன். சொன்னால் புரியாது, ஏறி உட்காருங்கள் என்று அவர் படகை ஓரம் கட்டினார்.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு வருவது வழக்கமானது. பாசிக்கு அடியில் சின்ன மீன்கள் பூச்சி தின்னும்போது, சூடான எண்ணெயில் தண்ணீர்ச் சொட்டு விழுந்த மாதிரி சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும் இடத்தில் பெரிய பாஸும் காத்திருக்கும். அங்கே முள் கோத்த ரப்பர் தவளையை எறிந்து, பாசியின் மேலேயே தத்தித் தத்தி இழுத்து வர வேண்டும். பாஸ் பாசியைப் பிளந்துகொண்டு வந்து தவளையை விழுங்கும். நான் அந்தச் சத்தத்துக்கே பதறிக் கோலைச் சுண்டுவேன், தவளை மட்டும் என் முகத்துக்கு நேரே பறந்து வரும். ஏழு வாரம் இப்படியே போனது. அவர் ஒரு நாளும் கோபிக்கவில்லை.

"அவசரப்படாதீங்க மிஸ் ஓப்பல். அது இப்பதான் வாயில வச்சிருக்கு, வாய மூடட்டும். கனம் கைக்குத் தெரிஞ்சப்புறம் இழுங்க," என்பார்.

மாட்டிய மீன் பாசிக்குள் புதைந்துகொண்டால் இழுத்துப் பிரயோஜனம் இல்லை, நூல்தான் அறும். நாம்தான் படகை அது இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், கையால் பாசியை விலக்கி எடுக்க வேண்டும். இதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அவர் என் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. நான் காபி கொண்டுபோவேன், அவர் காகிதப் பையில் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவருவார், துறையில் உட்கார்ந்து தின்போம். ஒரு தடவை என் கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது. அவர் என் கையைத் தன் முழங்காலில் வைத்து முள்ளை எடுத்தார். 2013 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை.

2014 ஏப்ரலில் சங்கத்தின் மனு அனுமதியாகி மருந்தடித்தார்கள். ஒரே மாதத்தில் ஏரி கழுவின பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. ஹாய்ட் அதற்குப் பிறகு ஐந்து தடவை வந்தார், இரண்டே மீன் பிடித்தார். மனுவில் என் கையெழுத்தும் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஜூன் 17 அன்று கிளம்பும்போது, இனி கின்னார்ட் நீர்த்தேக்கத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே பாசி நிறைய இருக்கிறது என்றார்.

"இங்க திரும்பப் பாசி வந்தா ஒரு போன் பண்ணுங்க," என்றார்.

நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் மோட்டாரை முடுக்கிவிட்டார்.

அதன் பிறகு பதினொரு மாதம் ஆகியும் அவர் வரவில்லை. நான் செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்குக் காபி போட்டு, துறையில் உட்கார்ந்து இரண்டு பேர் காபியையும் நானே குடித்தேன். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். அக்கா எடுத்தார். எண் தவறிவிட்டது என்று வைத்துவிட்டேன்.

2015 மே 12 அன்று எழுபது மைல் ஓட்டிக்கொண்டு கின்னார்டுக்குப் போனேன். என் தூண்டில் கோலும் காரில் இருந்தது. படகு இறக்கும் இடத்தில், படகை இழுத்துவரும் ஹாய்டின் சிறு லாரி நின்றது, அவர் தண்ணீரில் எங்கோ இருந்தார். ஒரு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு இறங்கி, மற்றவர்களின் படகு டிரெய்லர்களில் இருந்து உதிர்ந்து கிடந்த பாசியை வாரி, ஐஸ் பெட்டியில் ஈரச் செய்தித்தாள் சுற்றி வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என்னுடைய பழைய நைலான் காலுறைகளில் சரளைக்கல் போட்டு, பாசியை அதில் கட்டி, என் துறைக்கு முன்னால் உள்ள கரை வளைவில் ஒவ்வொன்றாக இறக்கினேன். நல்ல வெயில் நேரம். லோரீன் புரூயிட் தன் வாசலில் இருந்து கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். இப்படி நாலு நடை, மொத்தம் நாற்பத்தெட்டுக் காலுறை. தோல் நிறம். தோண்டிப் பார்த்தால் இப்போதும் கிடைக்கும். மீன் பிடிக்கும் ஆசையில் இதைச் செய்தேன். [இந்த வரி பின்னர் அடிக்கப்பட்டது. திருத்தம் இறுதியில்.]

2016 ஆகஸ்டில் என் வளைவு முழுக்கப் பாசி மூடியது. போன் செய்தேன், பாசி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஹாய்ட் வேர்க்கடலைப் பையோடு வந்து நின்றார்.

"சாமி இருக்காரு மிஸ் ஓப்பல்," என்றார்.

நான் காபியை ஊற்றினேன். அந்த ஒரு வருடத்தில் நான் பிடித்த பெரிய மீன் ஏழு பவுண்டு ஒன்பது அவுன்ஸ். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பாசி என் வளைவோடு நிற்கவில்லை. இந்த வருடம் ஜூலை 8 அன்று லோரீனின் கணவர் வெர்னன், வயது 79, படகு மோட்டாரில் பாசி சுற்றி, ஏரி நடுவில் நாலு மணி நேரம் வெயிலில் மாட்டிக்கொண்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். நான் ஒரு கேக் செய்து எடுத்துப்போனேன். லோரீன் என்னை உட்காரச் சொல்லி, ஒரு மணி நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் குற்றம்.

அதன் பிறகு சங்கம் புகார் கொடுத்தது. ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஆட்கள், மற்ற நாட்களில் கின்னார்டுக்கும் போய்வந்த ஹாய்டின் டிரெய்லரில் அங்கத்துப் பாசி தொங்குவதைப் பார்த்து, படகையும் லாரியையும் பிடித்து வைத்தார்கள். அவர் முன்பு ஒரு நாள் தூண்டில் கடையில், "எவனாவது ஒரு வாளி பாசிய அந்த ஏரியில கொட்டினா புண்ணியமாப் போகும்," என்று சொன்னதாக அங்கே இருந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பாஸ் பிடிக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற விளையாட்டுப் பேச்சு அது. அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுவிட்டுச் செய்தவள் நான்.

நேற்று முன்தினம் மாலை ஹாய்ட் போன் செய்தார்.

"நான் செய்யலன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றேன்.

"அக்காவே நம்பல. நீங்க ஒருத்தராவது நம்புறீங்களே, அது போதும்," என்றார்.

இன்று காலை ஆறு மணிக்குக் காபி போடாமல் கிளம்பி வந்தேன்.

நான் இதுவரை சொன்னதை எழுதி முடித்த அதிகாரி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மீன் ஆசைன்னா கின்னார்ட்லயே பிடிச்சிருக்கலாமே மேடம். பாசியும் இருந்துச்சு, மீனும் இருந்துச்சு, உங்க கோலும் கார்ல இருந்துச்சு."

இந்த வாக்குமூலத்தின் நகல் ஹாய்டின் வக்கீலுக்குப் போகும், ஹாய்டும் வாசிப்பார் என்று அதிகாரி தெரிவித்தார். காரணத்தை எழுதாமல் விட முடியுமா என்று கேட்டேன். விட்டால், அவரைக் காப்பாற்ற நான் பழியை ஏற்பதாகத்தான் நீதிமன்றத்தில் நினைப்பார்கள், திங்கட்கிழமை விசாரணையில் அவருக்கு இது உதவாது என்றார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவசரமில்லை என்றார்.

அதன் பிறகு எல்லாவற்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். "மீன் பிடிக்கும் ஆசையில்" என்று இருப்பதை அடித்துவிட்டு, "ஹாய்ட் பீச்சம் திரும்ப வர வேண்டும் என்பதற்காக" என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மை. இந்தத் தடவை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஓப்பல் ஜீன் டிரிகர்ஸ்