தலைகீழாய் ஒட்டிய வானம்

மேவிஸ்: ...நிறுத்துங்க, நிறுத்துங்க! என்ன பண்றீங்க ஆல்பின்?

ஆல்பின்: பலகையில வானத்துக்கு நீலப் பூவிதழ் ஒட்டுறேன். ஏன்?

மேவிஸ்: மேலேருந்தா ஒட்டுவாங்க? கீழ் வரிசை முதல்ல, அதுமேல அடுத்தது... கூரைக்கு ஓடு வேயுற மாதிரி. இப்படி ஒட்டினா ஒரு தூறலுக்குத் தாங்குமா? இதழுக்கு அடியில தண்ணி பூந்து பலகையில பூசின களிமண்ணோட பேந்துக்கிட்டு வந்துடும்.

ஆல்பின்: அட, ஆமால்ல...

மேவிஸ்: அட ஆமாவா! நாப்பது வருஷமா நம்ம தார்ன்லோ ஊத்தை அலங்கரிக்க, பூவிதழால படம் ஒட்டிப் பூப்பலகை செய்யுற மனுஷன் பேசுற பேச்சா இது? காலையில பாதிரியார் ஊத்தை ஆசீர்வதிக்க வந்து நிப்பார்.

வெரா: இந்தாங்க, டீ. என்ன, ரெண்டு பேரும் முழிக்கிறீங்க? கீழ்த்தெருக்காரங்க பலகையை முடிச்சிட்டு பியர் குடிக்கவே போயாச்சு!

மேவிஸ்: இவரைக் கேளு வெரா. வானத்தையே தலைகீழா ஒட்டி வச்சிருக்கார்.

வெரா: ஆல்பினா? சேச்சே... ஊருக்கே இவர்தானே கத்துக்கொடுத்தது!

ஆல்பின்: டீயை வச்சிட்டுப் போம்மா தாயே.

வெரா: போறேன், போறேன். மேவிஸ், சனிக்கிழமைதானே லண்டனுக்கே குடி போறீங்க? மகன் கார் கொண்டு வர்றானா? ...சரி, முறைக்காதீங்க ஆல்பின், போயிட்டேன்.

மேவிஸ்: ம்... எல்லாத்தையும் பிடுங்குங்க. முதல்லேருந்து வருவோம்.

ஆல்பின்: மெதுவா பிடுங்கலாம், என்ன அவசரம்... படத்துல வாளி தூக்கிட்டு வர்ற இந்தப் பொம்பளைங்க நல்லா அமைஞ்சிருக்காங்கல்ல? சுத்துப்பட்டு ஊரெல்லாம் கிணறு வத்தின வருஷம் நம்ம ஊத்துக்கு வந்தவங்க. பாதிப் பேர் திரும்பிப் போகவே இல்லையாம்.

மேவிஸ்: எனக்கேவா கதை சொல்றீங்க? எங்க வம்சமே அப்படி வந்து தங்கினதுதான்.

ஆல்பின்: அன்னைக்குத் தண்ணிக்காக வந்து தங்கினாங்க. இன்னைக்கு லண்டன் குழாயைத் தேடிப் போறாங்க.

மேவிஸ்: யாரைச் சொல்றீங்க?

ஆல்பின்: பொதுவா சொன்னேன்.

மேவிஸ்: பொதுவா! வேலையைப் பாருங்க... ஆல்பின்! மறுபடியும் மேலேருந்து! வேணும்னே செய்யுறீங்களா?

ஆல்பின்: ...ஆமா.

மேவிஸ்: ஏன்?

ஆல்பின்: பலகை முடிஞ்சா எழுந்து போயிடுவீங்க. பெட்டி கட்டுவீங்க. அப்புறம் சனிக்கிழமை... எனக்கு மனசு கேக்கலை மேவிஸ். போகாதீங்க. இங்கேயே இருங்க... என்கூட. சொல்லிட்டேன். இப்பத் திட்டுங்க.

மேவிஸ்: திட்டாம? லண்டனுக்கு வரலைன்னு மகன்கிட்ட ஞாயித்துக்கிழமையே சொல்லியாச்சு. முதல் இதழை நீங்க தப்பா வச்சப்பவே பார்த்துட்டேன். 'போகாதே'ன்னு எப்பதான் கேப்பாரோன்னு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தா... வானம் பூரா பாழாச்சே தவிர, வாயைத் திறந்தீங்களா மனுஷா!