ஒன்பது விருந்தாளிகளும் ஒரு தாழ்ப்பாளும்

ஷைர்குல் இசாபேகோவா, வயது 46, கணவர் பெயர் துர்சுன்பேக், நாரின் நகரம், கிழக்குச் சந்தைத் தெரு, 31ஆம் எண் வீடு. தொழில், பள்ளிச் சீருடை தைப்பது. விருந்தாளிகள் ஒன்பது பேரை வீட்டுக்குள் அடைத்து வைத்ததாக என் நாத்தனார் ஜிபேக் கொடுத்த புகாரின்பேரில் விசாரித்ததில், யார் தூண்டுதலும் இன்றி நான் சொல்வதாவது:

எனக்குக் காசநோய் இருந்தது. எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து முழுக்கக் குணமாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனதாகச் சொன்னோம். எங்கள் பக்கத்தில் இந்த நோய் வந்த எல்லோரும் ரஷ்யாவுக்குத்தான் போகிறார்கள். வீட்டுக்கு வெளியே உண்மை தெரிந்தவர் ஜிபேக் மட்டும்.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணிக்கு என் மகள் நஸ்கூலுக்குக் காதணி போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதுவரை பேச்செல்லாம் ஆண்களுக்குள்தான். மாப்பிள்ளையின் தாயார் உமுத்கான் உள்ளே நுழைந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டில்! அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வீட்டிலும் ரஷ்யாதான் என்று புரிந்துகொண்டேன்.

அதன் பிறகு ஜிபேக் எல்லோருக்கும் தேநீர் ஊற்றி, எனக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்த கிண்ணத்தில் கொடுத்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா காரணம் கேட்டார்.

“அவளுக்குக் காசநோய் இருந்துச்சுங்க. உங்க நல்லதுக்குத்தான் தனியா வெச்சேன்.”

அதன் பிறகு ஒவ்வொருவராகக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். சித்தப்பா, “எந்திரிங்க, போவோம்” என்றார். எங்கள் வழக்கப்படி ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்காமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது. தாண்டினால் சம்பந்தம் அவ்வளவுதான். நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, ரொட்டியோடு கதவில் சாய்ந்து நின்றேன். (எப்படி நின்றேன் என்று எழுந்து காட்டினேன். அதிகாரி உட்காரச் சொன்னார்.)

“ஒரு துண்டு வாயில வெச்சுட்டுப் போங்க. அதுவரைக்கும் கதவத் தொட விடமாட்டேன்!”

ஒரு கையும் நீளவில்லை. நஸ்கூல், “விட்டுடும்மா” என்று அழுதாள். உமுத்கானைப் பற்றி ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் ரகசியம் என்னுடையது இல்லை. இப்படியே இருபது நிமிடம் போனது.

அதன் பிறகு உமுத்கான் எழுந்து வந்து ரொட்டியில் பெரிய துண்டாகப் பிட்டுத் தின்றார். பொட்டு வைத்த கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“கொழுந்தனாரே, நானும் ரஷ்யாவுக்குப் போகல. இவ பக்கத்துக் கட்டில்லதான் கெடந்தேன். மூணு வருசமா நான் சுட்ட ரொட்டியத்தானே தின்னுக்கிட்டு இருக்கீங்க? செத்தா போயிட்டீங்க?”

அதன் பிறகு காதணி போட்டார். நஸ்கூலின் இடது காதை நான் பிடித்துக்கொண்டேன். நான் தெருவுக்கே கேட்கும்படி சிரித்ததாகப் புகாரில் இருப்பது உண்மை. இப்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

அதன் பிறகு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். விருந்தாளிகள் யாரும் போகவில்லை. சித்தப்பா ரொட்டிக்குக் கை நீட்டினார். ஜிபேக் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்தார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று போட்டுக்கொள்ளலாமே என்றார் அதிகாரி. வேண்டாம், நான்தான் தாழ்ப்பாள் போட்டேன், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஷைர்குல் இசாபேகோவா